அடா லவ்லேஸ் அம்மையார்

கணிப்பொறி என்றதும் நம் கண்முன் தோன்றுபவை திரையும் விசைப்பலகையும். அவை இரண்டும் இல்லாத காலத்தில், வீடுகளுக்கு மின்விளக்குக்கூட வராத காலத்தில், கணிப்பொறிக்குக் கட்டளை எழுதிய பெண்மணி ஒருவர் வாழ்ந்தார் என்றால் நம்ப முடிகிறதா? அவரே இங்கிலாந்து நாட்டின் அடா லவ்லேஸ் அம்மையார். இவ்வாண்டு மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு தமிழாசிரியை கேட்டபோது நாங்கள் இவரைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்த கையோடு ஒரு தவறும் செய்தோம். அதை உரிய இடத்தில் சொல்லுகிறோம்.

அடா 1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் புகழ் பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. தாயார் அனபெல்லா அம்மையார். கவிஞருக்கும், கணிதத்தில் நாட்டமுள்ள அந்த அம்மையாருக்கும் ஒத்துப்போகவில்லை. குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது, 1816 சனவரியில், தாயார் கைக்குழந்தையுடன் தம் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். ஏப்ரல் மாதம் பைரன் நாட்டை விட்டே வெளியேறினார், உயிரோடு திரும்பவில்லை. 1824இல் கிரேக்க நாட்டில் காய்ச்சலுற்று இறந்தார். அப்போது அடாவுக்கு வயது எட்டு. தந்தையின் முகம் அக்குழந்தைக்குத் தெரியாது. பாட்டி வீட்டில் அவருடைய ஓவியம் ஒன்று இருந்தது; அதுவும் திரையிட்டு மறைக்கப்பட்டிருந்தது. அதை அடா கண்ணால் கண்டது வளர்ந்து பெரியவளான பிறகுதான்.

தந்தையின் கட்டற்ற கற்பனை மகளிடமும் வந்துவிடுமோ என்று தாயார் அஞ்சினார். காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுப்பதுபோல் மகளுக்குக் கணக்குப் பாடம் கொடுத்தார் எனலாம். கற்பனை அதனால் போய்விடவில்லை, கணக்கோடு சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு வயதில் அடாவுக்குப் பறக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. வெறும் ஆசையோடு நிற்காமல் பறவைகளின் உடலமைப்பை ஆராய்ந்தார். உடலுக்கு எவ்வளவு பெரிய இறக்கை வேண்டும் என்று பார்த்தார். இறக்கை செய்ய எந்தப் பொருள் ஏற்றது என்று யோசித்தார். படங்களுடன் ஒரு நூல் எழுதவும் திட்டமிட்டார். ரைட் சகோதரர்களின் விமானம் பறந்தது 1903இல். இது நடந்தது 1828இல்!

அடுத்த ஆண்டே தட்டம்மை கண்டு கால்கள் செயலிழந்தன. பல மாதங்கள் படுத்த படுக்கை. பிறகு ஊன்றுகோலின் துணையோடுதான் நடந்தார். படுக்கையிலும் பாடம் நிற்கவில்லை.

அந்நாளில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. பிரபு வீட்டுப் பெண்ணாயிருந்தாலும் வீட்டுக்கு வரும் ஆசிரியரிடமோ கடிதம் வழியாகவோதான் கற்க வேண்டும். அடாவுக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மேரி சாமர்வில் அம்மையார். இவர் சிறுமியாயிருந்தபோது இரவில் கணக்குப் படிக்கிறாள் என்று பெற்றோர் மெழுகுவர்த்தியை எடுத்து வைத்துவிட்டார்களாம். அப்படிப் படித்தவர்தான் பின்னாளில் லாப்லாசின் வானியல் நூலை ஆங்கிலத்தில் விளக்கி எழுதினார். ஆக்ஸ்போர்டில் 1879இல் தொடங்கிய மகளிர் கல்லூரிக்கு இவர் பெயரையே வைத்தார்கள். விளக்கு அணைத்த பிறகும் போர்வைக்குள் கதைப் புத்தகம் படிக்கும் எங்கள் விடுதித் தோழிகள் இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தார்கள். அவர் படித்தது கணக்கு என்பதைக் கவனிக்கும்படி விடுதி சிஸ்டர் அவர்களைக் கேட்டுக்கொண்டார்.

1833 சூன் மாதம் ஒரு விருந்தில் அடா, சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞரைச் சந்தித்தார். அடாவுக்கு 17 வயது, பாபேஜுக்கு 41. சில நாள் கழித்துத் தாயும் மகளும் பாபேஜின் வீட்டுக்குப் போய் அவர் செய்துகொண்டிருந்த டிஃபரன்ஸ் எஞ்சின் என்னும் பொறியைப் பார்த்தார்கள். அதன் ஒரு பகுதிதான் முடிந்திருந்தது.

அந்தப் பொறி எதற்கு? அக்காலத்தில் கப்பலோட்டிகளும் வானியலாரும் அச்சிட்ட எண் அட்டவணைகளை நம்பியே வேலை செய்தார்கள். அவற்றை மனிதர்கள் உட்கார்ந்து கையால் கணக்கிட்டார்கள். கணக்கிடும்போது சில பிழைகள், படியெடுக்கும்போது சில, அச்சுக் கோக்கும்போது சில எனப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. நடுக்கடலில் ஓர் எண் தவறினால் கப்பல் பாறையில் மோதும். ஆகவே கணக்கிடுவதையும் அச்சிடுவதையும் பற்சக்கரங்களே செய்ய வேண்டும் என்று பாபேஜ் விரும்பினார். வழி மிக எளியது. 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்கங்களை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு 3, 5, 7, 9. இவற்றின் வேறுபாடு எப்போதும் 2. ஆகவே பெருக்கலே தெரியாத ஒரு பொறி, கூட்டலை மட்டும் கொண்டு வர்க்கங்களை வரிசையாகச் சொல்லிவிடும். விருந்தினர் பலர் அதை வேடிக்கைப் பொருளாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடாவோ அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டார். வரைபடங்களைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

அரசாங்கம் 17,000 பவுண்டுக்கு மேல் செலவிட்டும் அந்தப் பொறி முழுமையாகவில்லை. அதற்குள் பாபேஜின் மனம் இன்னும் பெரிய ஒன்றுக்குத் தாவிவிட்டது. அதுவே அனலிட்டிகல் எஞ்சின். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் செய்யக்கூடிய பொறி. எண்களைச் சேமித்து வைக்கும் பகுதிக்குக் கிடங்கு என்றும், கணக்கிடும் பகுதிக்கு ஆலை என்றும் பெயரிட்டார். என்ன செய்ய வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் தெரிவிக்கும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு தறியில் சேலைக் கரைபோன்ற பூவேலைகளை நெய்ய உதவும் அதே அட்டைகள்தாம். காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீட்டிலிருந்து வரும் தோழி ஒருத்தி, இந்த அட்டைகளைத் தான் நேரில் பார்த்திருப்பதாகச் சொன்னபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

1835இல் அடாவுக்கு வில்லியம் கிங் என்பவருடன் திருமணம் நடந்தது. 1838இல் அவர் லவ்லேஸ் பிரபு ஆனார். அடா லவ்லேஸ் சீமாட்டியானார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். குழந்தைகளுக்கும் பெரிய குடும்பப் பொறுப்புகளுக்கும் இடையே 1840இல், 24 வயதில், மீண்டும் மாணவியாகிவிட்டார். இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிப் பேராசிரியர் டி மார்கன் கடிதம் வழியாகப் பாடம் சொன்னார். அந்தக் கல்லூரியில் பெண்கள் பட்டம் பெற வழி பிறந்தது 1878இல்தான்.

அக்கடிதங்களில் அடா மேதைபோல் பேசவில்லை. நம்மைப் போலவே திணறினார். ஒரு சூத்திரம் வேடம் மாறி இன்னொரு சூத்திரமாக நிற்கும்போது, அது தம்மை ஏமாற்றிவிட்டு ஓடும் குட்டிப் பேய்போல் இருப்பதாகச் சலித்துக்கொண்டார். ஒரு படி புரியாமல் அடுத்த படிக்கு அவர் போக மாட்டார். புத்தகத்தில் அச்சாகியிருப்பதாலேயே ஒன்றை ஒப்புக்கொள்ளவும் மாட்டார். இத்தனை கேள்விகளைப் பார்த்த டி மார்கன் மாணவியின் அறிவை மெச்சினார். ஆயினும் இவ்வளவு கடினமான கணிதத்தைத் தாங்கப் பெண்ணின் உடலுக்கு வலிமை போதாது என்று அடாவின் தாயாருக்கு 1844இல் எழுதினார். நல்ல ஆசிரியர்தான், ஆனாலும் இதை எங்களால் மன்னிக்க முடியவில்லை.

இனி அவருடைய புகழுக்குக் காரணமான வேலைக்கு வருவோம். பாபேஜ் 1840இல் இத்தாலியிலுள்ள டூரின் நகருக்குச் சென்று தம் புதிய பொறியைப் பற்றி விளக்கினார். கேட்டவர்களில் ஒருவரான மெனபிரியா என்னும் பொறியாளர் அதைப் பிரெஞ்சு மொழியில் கட்டுரையாக்கி 1842இல் வெளியிட்டார். இவர் பிற்காலத்தில் இத்தாலியின் பிரதமரானவர். அக்கட்டுரையை அடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இவ்வளவு தெரிந்தவர் தாமே ஏன் ஒன்று எழுதக் கூடாது என்று பாபேஜ் கேட்க, மொழிபெயர்ப்புடன் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் மூலக் கட்டுரையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நீண்டுவிட்டன! 1843இல் அவை அச்சேறின. பெயர் போடவில்லை, ஏ.ஏ.எல். என்னும் மூன்று முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன.

கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்களைப் பொறி கண்டுபிடிக்கும் முறையை 25 படிகள் கொண்ட அட்டவணையாக எழுதினார். இந்த எண்கள் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. பத்தாம் வகுப்பில் 1 முதல் n வரையுள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டச் சூத்திரம் படிக்கிறோம் அல்லவா? அதைப் பெருக்கி விரித்தால் n உடன் நிற்கும் எண் 1/6. அது ஒரு பெர்னூலி எண். எட்டாம் அடுக்குகளைக் கூட்டும் சூத்திரத்தில் அதே இடத்தில் நிற்பது −1/30. அடா அட்டவணை போட்டது இந்த −1/30ஐக் கண்டுபிடிக்கத்தான். பென்சிலால் அவர் எழுதிய அட்டவணையின் மேல் கணவர் மையால் எழுதிக் கொடுத்தாராம். இந்தக் காலத்திலும் இப்படி எத்தனை வீட்டில் நடக்கும் என்று எங்கள் அம்மாக்கள் கேட்கிறார்கள்!

இங்கே ஒரு நிகழ்ச்சி. இதற்காகவே இவ்வரலாற்றை எழுத வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம். பெர்னூலி எண்களுக்கான இயற்கணிதம் கடினமானது என்பதால், அடாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று பாபேஜ் தாமே அந்தப் பகுதியைச் செய்து கொடுத்தார். பொறியைக் கண்டுபிடித்தவரே செய்து கொடுத்த கணக்கு! வேறு யாராயிருந்தாலும் நன்றி சொல்லி அப்படியே ஒட்டிவிடுவார்கள். அடா அதை வரி வரியாகப் போட்டுப் பார்த்தார். பெரிய பிழை ஒன்று இருந்தது. திருத்தித் தருமாறு திருப்பி அனுப்பிவிட்டார். இதை அடா எங்கும் பெருமையடித்துக் கொள்ளவில்லை. அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பின் 1864இல் பாபேஜே தம் வாழ்க்கை நூலில் எழுதினார்.

அடா எப்போதும் இப்படி விழிப்பாக இருந்தாரா? இல்லை. மெனபிரியாவின் பிரெஞ்சுக் கட்டுரையில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறி அச்சாகியிருந்தது. நேர்வு என்று பொருள்படும் சொல், கோசைனின் சுருக்கமாக மாறிவிட்டது. n முடிவிலியாகும் நேர்வில் என்று இருக்க வேண்டியது, n இன் கோசைன் முடிவிலியாகும்போது என்றாகிவிட்டது. அடா அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார். கோசைன் 1ஐத் தாண்டாது என்பது முக்கோணவியல் படிக்கும் நமக்கே தெரியும்; அவருக்குத் தெரியாதா? அச்சான எழுத்தின்மேல் இருந்த நம்பிக்கை அந்த ஒரு நொடி கண்ணை மறைத்துவிட்டது. இதைக் காட்டி அடாவுக்குக் கணிதமே தெரியாது என்று சொன்னவர்களும் உண்டு. நாங்கள் அந்தக் கட்சியில் சேர மாட்டோம். காரணம், எங்களுக்கும் இதே கதி நேர்ந்தது.

இப்போது எங்கள் தவறைச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையை எழுத நாங்கள் முதலில் நூலகம் போகவில்லை. வீட்டுக் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் கேட்டோம். இரண்டு நிமிடம் ஆகவில்லை. அழகிய தமிழில் நான்கு பக்கம் வந்து விழுந்தது. எங்கள் நடையைவிட நல்ல நடை. படியெடுத்துக் கொடுத்துவிட்டோம். நூலகப் பொறுப்பாளரான சிஸ்டர் அதைப் படித்துவிட்டு ஒரு வரியின் கீழ் கோடிட்டார். 1843இல் பாபேஜின் பொறி அடாவின் கட்டளைகளின்படி ஓடிச் சரியான விடையைத் தந்தது என்று அதில் இருந்தது. இதை எந்த நூலில் படித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அனலிட்டிகல் எஞ்சின் கட்டி முடிக்கப்படவே இல்லை. பாபேஜ் 1871இல் இறக்கும்போதும் அது பெரும்பாலும் வரைபடங்களாகவே இருந்தது. அடாவின் அட்டவணை அவர் காலத்தில் எந்தப் பொறியிலும் ஓடியதில்லை. கருவியைத் திட்டி என்ன பயன்? கட்டுரையின் கீழ் இருந்தது எங்கள் பெயர். சிஸ்டர் கோபித்துக் கொள்ளவில்லை. மறுபடி எழுதி வரச் சொன்னார், அவ்வளவுதான். கோபித்திருந்தால் இன்னும் எளிதாய் இருந்திருக்கும்.

இந்தக் கருவிகளைப் பற்றி நாம் இன்று பேசும் பேச்சை அடா அன்றே தொடங்கிவிட்டார் என்பது வியப்பு. பொறி எண்களை மட்டுமே கையாளும் என்று மற்றவர்கள் எண்ணியிருந்தபோது, இசையின் சுரங்களுக்குள்ள உறவுகளை விதிகளாக எழுத முடிந்தால் பொறி இசையும் அமைக்கலாம் என்றார். அதே கையால் ஓர் எச்சரிக்கையும் எழுதினார். பொறி தானாக எதையும் புதிதாய்த் தோற்றுவிக்காது. எதைச் செய்யும்படி கட்டளையிட நமக்குத் தெரியுமோ அதைத்தான் செய்யும் என்றார். புதுமை ஒன்றைக் கண்டால் மக்கள் முதலில் அளவுக்கு மீறி உயர்த்துவார்கள், பிறகு அளவுக்கு மீறித் தாழ்த்துவார்கள் என்றும் கூறினார்.

நூற்றாண்டு கடந்தபின், 1950இல், ஆலன் டூரிங் என்னும் அறிஞர் பொறிகள் சிந்திக்குமா என்று ஆராய்ந்தபோது, அடாவின் இந்தக் கருத்தைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டு மறுத்தார். பொறிகள் தம்மை அடிக்கடி வியப்பில் ஆழ்த்துகின்றன என்பது அவர் பதில். எங்கள் வகுப்பிலும் இரண்டு கட்சி உண்டு. இன்றைய கருவிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கற்றுக்கொண்டவை. அவற்றுக்கு யாரும் ஒவ்வொரு வரியாகக் கட்டளை எழுதவில்லை. ஆகவே டூரிங் வென்றார் என்பது ஒரு கட்சி. படித்த பக்கங்களை எழுதியவர்கள் மனிதர்கள்தாமே என்பது மற்றொன்று. நாங்கள் இரண்டாவது கட்சி. ஆனால் கணிப்பொறித் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்குபவர்கள் முதல் கட்சியில் இருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அடாவை முதல் கணிப்பொறிக் கட்டளையாளர் என்று அழைப்பது வழக்கம். அதிலும் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவருக்கு முன்பே பாபேஜ் சில கட்டளைத் தொகுதிகளை எழுதி வைத்திருந்தார். அட்டவணையில் பாபேஜின் உதவியும் இருந்தது. ஆயினும் அச்சில் முதலில் வந்தது அடாவின் குறிப்புதான். பொறி எண்களைத் தாண்டியும் செல்லும் என்று கண்டதும் அவர்தான். எங்களுக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

குறிப்புகள் அச்சாகும்போதே இருவருக்கும் பூசல் வந்தது. அரசாங்கத்தைக் குறை கூறி, பெயர் போடாத ஒரு முன்னுரையைப் பாபேஜ் அதனுடன் சேர்க்க விரும்பினார். அடா மறுத்துவிட்டார். பிறகு பொறியின் நிர்வாகத்தைத் தாம் ஏற்பதாகச் சொன்னார். அதைப் பாபேஜ் மறுத்தார். நட்பு மட்டும் முறியவில்லை.

பிற்கால வாழ்க்கை இனிதாக அமையவில்லை. குதிரைப் பந்தயத்தில் பணம் வைத்துப் பெருங்கடன் பட்டார். குடும்ப வைர நகைகளை அடகு வைத்தார். இதைப் பள்ளி மலரில் எழுதலாமா என்று தயங்கினோம். உள்ளதை எழுதுங்கள் என்று சிஸ்டரே சொல்லிவிட்டார். கொடிய புற்றுநோய் தாக்கியது. நோய்ப்படுக்கையில் இருந்தபோது நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வந்து தம் கதையிலிருந்து வாசித்துக் காட்டினார். 1852ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அடா காலமானார். வயது 36. தந்தை இறந்ததும் 36ஆம் வயதில். தாம் அறியாத அந்தத் தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பதே அவர் விருப்பம். அதன்படி ஹக்னால் என்னும் ஊரிலுள்ள புனித மரிய மதலேனாள் ஆலயத்தில் இருவரும் அருகருகே துயில்கிறார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய கணிப்பொறி மொழி ஒன்றுக்கு அடா என்றே பெயர். அதன் தர ஆவணத்துக்கு இட்ட எண் 1815. அது 1980இல் ஏற்கப்பட்டதும் டிசம்பர் 10ஆம் நாளில்தான்.

முடிக்குமுன் இன்னொன்று. 1843இல் அச்சான அந்த அட்டவணையிலும் ஒரு பிழை இருக்கிறது. நான்காம் படியில் வகுத்தல் தலைகீழாக உள்ளது. 7ஐ 9ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 9ஐ 7ஆல் வகுக்கச் சொல்கிறது. பக்கத்துக் கட்டத்தில் விடையின் வடிவம் மட்டும் சரியாக இருக்கிறது. கணிப்பொறி வகுப்பில் நாங்கள் இந்த அட்டவணைக்கு நிரல் கேட்டபோது கருவி உடனே தந்தது, ஓடவும் ஓடியது. நான்காம் வரி என்ன செய்கிறது என்று ஆசிரியை கேட்டார், விழித்தோம். எனவே மறுநாள் மதிய உணவு இடைவேளையில் மாமரத்தடியில் உட்கார்ந்து கையால் போட்டோம். அச்சிலுள்ளபடி 9ஐ 7ஆல் வகுத்தபோது 139/630 வந்தது. வகுத்தலைத் திருப்பிப் போட்டோம். முதல் முறை மீச்சிறு பொது மடங்கில் தவறினோம். இரண்டாம் முறை ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டோம். மூன்றாம் முறை, மணி அடிப்பதற்குச் சற்று முன், −1/30 வந்தது. அந்தத் தாளைக் கணிப்பொறி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், அடித்தல் திருத்தல்களுடன்.